உமி கிழியாமல் மால்ட் உடைப்பது: புதியவர்களுக்கான வழிகாட்டி

உப்புமாவுக்கு அரிசி உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பீருக்கான மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, உடைக்கும் வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். திரிகையில் போட்ட அரிசி இரண்டாக, மூன்றாக, நான்காக உடைய வேண்டும். மாவாகிவிட்டால் உப்புமா களியாகிவிடும். மால்ட்டுக்கும் கணக்கு அதேதான். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரிசிக்கு இல்லாத உமி மால்ட்டுக்கு உண்டு. அந்த உமி கூடிய மட்டும் முழுசாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பருப்பு நொறுங்க வேண்டும், மேலே இருக்கும் உமி கிழியாமல் பிளந்து விலக வேண்டும். வீட்டில் இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டவருக்கு முழுத் தானியத்திலிருந்து பீர் காய்ச்சும் முறையின் மற்றக் கட்டங்கள் எல்லாம் எளிதாகிவிடுகின்றன. ஆகவேதான் இந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தி. மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டின் கலால் சட்டத்தின்கீழ் வருகிறது. மது வாங்குவதற்கான வயது 2017 டிசம்பரிலிருந்து 21. அடுப்பு மூட்டுவதற்கு முன் உங்கள் வட்டாரச் சுங்கத்துறை அலுவலகத்தில் விதிமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சியதை உரிமம் இல்லாமல் விற்பதைப் பற்றி எண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

நான் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம். மால்ட் இங்கே கடையில் கிடைக்காது, தபாலில்தான் வரவழைக்க வேண்டும். ஆனால் மளிகைக் கடையில் பார்லி என்ற பெயரில் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று கிடைக்கிறது. பார்லித் தண்ணீர் வைப்பதற்கு நாம் வாங்குவது அதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் அதை வாங்கி உடைத்துவிட்டு, ஏன் இனிப்பே இறங்கவில்லை என்று கேட்கிறார்கள். அந்தப் பார்லி உமி நீக்கித் தீட்டப்பட்டது, முளைகட்டாதது. மால்ட் என்பது பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்தியது. முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள்தான் பின்னர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. முளைகட்டாத பார்லியில் போதிய நொதியும் இல்லை, தீட்டியதில் உமியும் இல்லை. வந்த மூட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நல்ல மால்ட் பொரிகடலையைப் போல நறுக்கென்று உடைந்து, நாவில் லேசாக இனிக்கும். பல்லுக்கு அடங்காமல் கல்லாக இருந்தால் அது முளைகட்டாத தானியம். வளைந்து கொடுத்து, உடையாமல் நசுங்கினால் அது ஈரம் குடித்த மால்ட்.

உமிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறோம். இதற்கு மாஷ் என்று பெயர். அந்த நேரத்தில் பருப்பிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிக் கரைகிறது. அதன் பிறகு இனிப்புச் சாற்றை, அதாவது வோர்ட்டை, அடியிலுள்ள குழாய் வழியாக வடிக்க வேண்டும். வடிகட்டியாக வேலை செய்வது பாத்திரத்தின் துளையிட்ட அடித்தட்டு மட்டுமல்ல. அந்தத் தட்டின்மேல் படுக்கைபோல் படியும் உமிதான் உண்மையான வடிகட்டி. உமி முழுசாக இருந்தால் இடையிடையே வழி இருக்கும், சாறு தெளிவாக இறங்கும். உமி தூளாகி, பருப்பும் மாவாகியிருந்தால் படுக்கை பசைபோல் இறுகி, குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாகக்கூட வராது. உமி கிழிவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. தானியத்தில் மிஞ்சிய இனிப்பை இறக்குவதற்காக மேலே ஊற்றிக் கழுவும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டி, அதன் அமிலத்தன்மையும் குறைந்துவிடும்போது உமியிலுள்ள துவர்ப்பு சாற்றில் இறங்கும்; தூளான உமியிலிருந்து அது இன்னும் விரைவாக இறங்கும். தேயிலையைக் கொதிக்கவிட்டு மறந்துவிட்டதைப்போல நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு அது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் மூலம். முதல் தடவை மால்ட்டை, மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மில் ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். ‘கொரகொரவென்று ஒரு ஓட்டு ஓட்டினால் போதும்’ என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் கேழ்வரகு மாவைப்போல் நைசாக, மல்லி வாசனையோடு இருந்தது ஐந்து கிலோவும். வீணாக்க மனமில்லாமல் மாஷ் போட்டேன். மேலே வெள்ளை மாவு கட்டி கட்டியாக மிதந்தது. ஒரு கட்டியை அகப்பையால் பிளந்தபோது உள்ளே உலர்ந்த மாவு அப்படியே இருந்தது. தண்ணீர் அதைத் தொடவே இல்லை. குழாய் அடைத்துக்கொண்டு, இரவு பதினொரு மணி வரை வடித்தும் பாதிப் பானைகூட நிறையவில்லை. அந்த மில்லின்மேல் குற்றம் இல்லை. அரைப்பது அவர்கள் தொழில். எனக்கு வேண்டியிருந்தது உடைப்பது.

கருவியைத் தேர்ந்தெடுப்பது

மிக்சியை விட்டுவிடுங்கள். அதன் கத்தி உமியையும் பருப்பையும் வேறுபாடு பார்க்காமல் வெட்டும். அடியில் மாவும் மேலே முழு மணியுமாக இருக்கும். ஆட்டுக்கல் ஈரமாவுக்கு உரியது. இரண்டு இரும்புத் தட்டுகள் உரசி அரைக்கும் கைமில் விலை குறைவு, தட்டுகளை நன்றாகத் தள்ளிவைத்தால் ஓரளவுக்கு உடைக்கும். ஆனால் உரசல் என்பதால் உமி கொஞ்சம் கிழியத்தான் செய்யும். துணிப் பையில் தானியத்தை ஊறவைத்துப் பையோடு தூக்கி எடுக்கும் முறையில் காய்ச்சுகிறவர்களுக்கு அது போதுமானது, ஏனென்றால் அங்கே வடிகட்டி வேலையைத் துணியே பார்த்துக்கொள்கிறது.

தொடர்ந்து காய்ச்ச எண்ணுகிறவர்கள் இரட்டை உருளை மில்லையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ரப்பர் சிறுதோட்டம் வைத்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. உறைந்த பாலை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றி ஷீட்டாக இழுத்த அதே இயந்திரத்தைச் சிறிதாக்கி, மேலே ஒரு தானியத் தொட்டியை வைத்தால் மால்ட் மில். ரப்பர் உருளையில் ஒரு பக்கத் திருகு இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் ஷீட் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும் அல்லவா? மால்ட் மில்லிலும் அதே கோளாறு வரும். ஒரு முனையில் மாவு, மறுமுனையில் முழு மணி.

இடைவெளியை அளப்பது

உருளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. கண்ணால் பார்த்து வைப்பது போதாது, ஏனென்றால் நாம் பேசுவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பற்றி. அளப்பதற்குத் தேவை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டுக் கட்டு. மோட்டார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். நான் கேட்டபோது கடைக்காரர், ‘எந்த மோட்டாருக்கு தம்பி, வால்வு வைக்கவா?’ என்று கேட்டார். பார்லிக்கு என்று சொன்னதும் ஒரு தகட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்து, ‘அதுக்கும் இதே அளவுதானா’ என்று வியந்தார். கட்டில் கடைசித் தகடு பெரும்பாலும் 1.00 மி.மீ. இருக்கும், அதற்கு மேல் வேண்டுமானால் 0.70, 0.50 தகடுகளைச் சேர்த்துப் பிடித்து 1.20 ஆக்கலாம். ஒன்றும் கிடைக்காத நேரத்தில் வங்கி அட்டை உதவும். அதன் கனம் 0.76 மி.மீ.

முதல் முறை 1.2 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். தகடு உருளைகளுக்கு நடுவே லேசான உரசலோடு நுழைந்து வர வேண்டும். அமுக்கித் திணிக்கவும் கூடாது, தொளதொளவென்று ஆடவும் கூடாது. இடது முனையில் அளந்து, வலது முனையில் அளந்து, திருகுகளை இறுக்கியபின் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது உருளை சற்றே நகர்ந்துவிடும். இந்த மறு அளவையை விட்டுவிடுகிறவர்கள்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விளைவு வருகிறது என்று வருந்துகிறார்கள். அடித்தட்டு உள்ள பாத்திரத்தில் வடிக்கிறவர்களுக்குக் கடைசியில் 1.0 முதல் 1.2 மி.மீ.க்குள் ஏதோ ஓர் அளவு பொருந்திவிடும். பை முறையில் காய்ச்சுகிறவர்கள் 0.7, 0.8 வரை நெருக்கலாம். பொருந்திய அளவை ஒரு தாளில் எழுதி மில்லின்மேல் ஒட்டி வையுங்கள்.

ஈரம் காட்டுதல்

அவல் இடிப்பதற்கு முன் நெல்லை ஊறவைப்பதும், அரிசியைக் களைந்து நிழலில் உலர்த்திவிட்டு இடியாப்ப மாவுக்கு இடிப்பதும் நமக்குத் தெரிந்த காரியங்கள். மால்ட்டுக்கும் மிகச் சிறிய அளவில் அப்படி ஒன்று செய்யலாம். உலர்ந்த உமி மொறுமொறுவென்று இருப்பதால் உருளையில் நொறுங்கும். துளி ஈரம் பட்டால் தோல்போல் வளைந்துகொடுத்து முழுசாகத் தப்பிவிடும். பருப்பு மட்டும் உடையும்.

தானியத்தின் எடையில் இரண்டு விழுக்காடு தண்ணீர் என்பது உச்ச அளவு, அதாவது 5 கிலோவுக்கு 100 மில்லிலிட்டர். நம் நாட்டுக் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் நான் 60, 70 மில்லிக்கு மேல் போவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரைச் செடிக்குத் தெளிக்கும் விசிறல் போத்தலில் நிரப்பி, அகலமான பேசினில் மால்ட்டைக் கொட்டி, ஒரு கையால் தெளித்துக்கொண்டே மறு கையால் அடிமேலாகப் புரட்ட வேண்டும். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அள்ளி விட்டால் சலசலவென்ற ஓசை அடங்கி, மெத்தென்று விழ வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் மூடி வைத்துவிட்டு உடனே உடையுங்கள். தண்ணீர் கூடிவிட்டால் உருளைகளில் மாவு பசையாக அப்பிக்கொள்ளும், பிறகு அன்றைக்கு வேலை ஓடாது. ஈரம் காட்டிய மால்ட்டைச் சேர்த்து வைக்கவும் கூடாது, மறுநாளே பூசண வாடை எடுத்துவிடும். முதல் இரண்டு தடவை ஈரம் இல்லாமலே உடைத்துப் பழகிவிட்டு, அதன்பின் இதற்கு வருவது நல்லது.

உடைக்கும் நாள்

பிற்பகல் மழை வருவதற்கு முன், காலை நேரத்தில், வீட்டு முன்வாசலில் செய்யுங்கள். சமையலறையில் வேண்டாம். மால்ட் தூசியோடு தயிரைப் புளிக்கவைக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்தவையும் பறக்கும். நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் அவை விழுந்தால் முழுப் பானையும் புளித்துவிடும். நொதிகலன் இருக்கும் அறையிலிருந்து எவ்வளவு தள்ளி உடைக்கிறோமோ அவ்வளவு நல்லது; உடைத்து முடித்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் நொதிகலனைத் தொட வேண்டும். தூசி நுரையீரலுக்கும் ஆகாது. முகக்கவசம் அணியுங்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். தானிய மாவு காற்றில் கலந்து பறக்கும்போது தீப்பற்றக்கூடியது என்பதால் எரியும் அடுப்புக்குப் பக்கத்திலும் இந்த வேலை கூடாது.

தானியத்தை முறத்தில் ஒரு தடவை பரப்பிக் கல் பாருங்கள். ஒரு சிறு கல் உருளையின் பற்களைக் கெடுத்துவிடும். அதன்பின் ஒரு பிடி மட்டும் தொட்டியில் போட்டுச் சுற்றி, விழுந்ததைப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால்தான் மீதியைக் கொட்ட வேண்டும். கையால் சுற்றுவது நிதானமாக இருக்கும், உமிக்கும் நல்லது. டிரில் பூட்டுகிறவர்கள் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் உருளை தானியத்தை நசுக்காமல் கிழிக்கத் தொடங்கும். முதலில் உருளைகளைச் சுழலவிட்டு அதன்பின் தானியத்தை இறக்குவது மேல். இரண்டு உருளைகளில் ஒன்றுக்குத்தான் கைப்பிடி. மற்றது தானியத்தின் பிடிமானத்தால் தானாகச் சுழல்வது. அது நின்றுவிட்டால் தானியம் இறங்காது. பெரும்பாலும் தாங்கியில் மாவு அடைத்திருக்கும், இல்லையென்றால் இடைவெளி அளவுக்கு மீறி நெருங்கியிருக்கும். பின்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பிரஷ்ஷால் தாங்கியைத் தட்டிவிடுங்கள்.

இனி இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உடைத்ததில் ஒரு பிடியை எடுத்து, கறுப்பு நிறத் தட்டில் அல்லது கரும்பலகைத் துண்டில் பரப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். மூன்று வகை தெரியும். முதலாவது உமி: படகுபோல் நீளவாட்டில் பிளந்து, உள்ளே காலியாக, சிலவற்றில் ஓரத்தில் ஒரு துளிப் பருப்பு ஒட்டிக்கொண்டு இருக்கும். இரண்டாவது நொய்: ஒவ்வொரு பருப்பும் நான்கைந்து துண்டாகி, ரவையும் நொறுங்கரிசியும் கலந்ததைப்போல் இருக்கும். மூன்றாவது மாவு: விரலில் ஒட்டும் அளவுக்குக் கொஞ்சமாக. முழு மணி கண்ணில் படக் கூடாது. நூறு மணிக்கு இரண்டு மூன்று தப்பினால் பரவாயில்லை. தட்டையாக நசுங்கி ஆனால் உடையாமல் இருக்கும் மணிகளை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே பருப்பு தூளாகி விழுந்தால் அது உடைந்ததுதான்; வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியை 0.1 மி.மீ. குறைக்க வேண்டும். மாவு கூடுதலாகத் தெரிந்தால் 0.1 கூட்ட வேண்டும். ஒரே தடவையில் பெரிய மாற்றம் செய்துவிடாதீர்கள்.

இதையே முறத்தில் புடைத்தும் பார்க்கலாம். நாலு தட்டுத் தட்டினால் உமி முன்னால் எழும்பி வரும், நொய் நடுவில் நிற்கும், மாவு பின்னால் தங்கும். உமி நல்ல குவியலாக, பஞ்சுபோல் எழும்பினால் உடைத்தது சரி. பிறகு எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுங்கள். உமியை ஊதித் தள்ளிவிட்டுக் காய்ச்சியவர்களும் உண்டு, அவர்களுக்கும் குழாய் அடைத்துக்கொண்டது.

மாஷ் சொல்லும் பதில்

தட்டில் பார்த்தது சரியா என்பதைப் பானை உறுதிசெய்யும். ஒரு மணி நேரம் ஊறியபின் தெளிந்த சாற்றில் இரண்டு சொட்டை வெள்ளைப் பீங்கானில் விட்டு, ஃபார்மசியில் விற்கும் அயோடின் டிங்க்சரில் ஒரு சொட்டுச் சேருங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மிச்சம் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் முழுவதும் சர்க்கரையாகிவிட்டது. உமித் துணுக்கு விழுந்திருந்தால் அதுவும் கறுக்கும், ஆகவே சாறு மட்டும் இருக்க வேண்டும்.

அடுத்து ஹைட்ரோமீட்டர், அதாவது சாற்றில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கருவி; சர்க்கரை கூடினால் எண் கூடும். 5 கிலோ வெளிர் மால்ட்டிலிருந்து 23 லிட்டர் சாறு எடுத்து, இருக்கும் சர்க்கரையில் 75 விழுக்காடு இறங்கியிருந்தால் அடர்த்தி 1.049 அளவில் நிற்கும். 1.040க்குக் கீழே போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உடைப்பைத்தான். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. நம் வீட்டில் ஆறிய சாறு 30 டிகிரியில் இருக்கும் என்பதால் கிடைத்த எண்ணோடு சுமார் 0.002 கூட்டிக்கொள்ளுங்கள். வடிதல் எளிதாக இருந்து, எண் குறைவாக இருந்தால் அடுத்த தடவை 0.1 மி.மீ. நெருக்குங்கள். எண் நன்றாக இருந்து, வடிதல் திணறினால் விலக்குங்கள்.

கோதுமை மால்ட் சேர்க்கிறவர்கள் அதைத் தனியாக உடைக்க வேண்டும். அது பார்லியைவிடச் சிறியது, கடினமானது, உமி இல்லாதது. 0.8 அல்லது 0.9 மி.மீ. பொருத்தமாக இருக்கும். உமி இல்லை என்பதால் கிழிந்துவிடுமோ என்ற கவலை இல்லை, ஆனால் படுக்கை இறுகும். அதற்கு நெல் உமி கைகொடுக்கும். 5 கிலோ தானியத்துக்கு 200 கிராம் உமி போதும். பேராக்கில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வசதி: கிரியான் வட்டாரத்து வயல்களின் நெல் பாகான் செராய், பாரிட் புந்தார் பக்க ஆலைகளுக்குத்தான் போகிறது, உமிக்குப் பஞ்சம் இல்லை. ஆலை உமியில் மண்ணும் தவிடும் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்துச் சேருங்கள்.

உடைத்தபின், உடைக்கும் முன்

மால்ட் ஆலையிலிருந்து வரும்போது அதன் ஈரம் 4, 5 விழுக்காடுதான். நம் காற்று அதை விட்டுவைக்காது. முழு மணியாக இருக்கும்வரை உமி ஓரளவு காக்கும். உடைத்துவிட்டால் ஒரே இரவில் நமுத்த முறுக்கைப்போல் ஆகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் உடைத்த மால்ட்டை இரண்டு வாரம் வைத்துக்கொள்கிறார்கள். இங்கே உடைத்த அன்றே மாஷ் போடுவதுதான் சரி. உடைத்த மால்ட்டாகவே விற்பனைக்கு வருவதை நான் வாங்குவதில்லை. எப்போது உடைத்தது, எந்த இடைவெளியில் உடைத்தது என்று நமக்குத் தெரியாது, கிழிந்த உமியைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

முழு மால்ட்டைச் சதுர பிஸ்கட் டின்னில், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தரையில் படாமல் பலகைமேல் வைக்கலாம். வண்டு விழுந்ததற்கான முதல் அடையாளம் மணியில் ஊசித் துளை. சிறிய அளவில் வாங்குகிறவர்கள் வந்ததுமே காற்றுப்புகாத பையில் கட்டி, நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். எடுத்த பையை அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த மணிமேல் காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும்.

மில்லைத் தண்ணீரில் கழுவவே கூடாது. சாதாரண எஃகு உருளை நம் ஊரில் ஒரே வாரத்தில் துருப்பிடித்துவிடும், பற்களுக்குள் நுழைந்த மாவு களியாகி இறுகிவிடும். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் பற்களை நீளவாட்டில் துடைத்து, ஒரு பிடி மால்ட்டை வெறுமனே ஓட்டி எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, அரிசி மூட்டைத் துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த தடவை எடுக்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் தாளிலுள்ள எண்ணை நம்பி நேராகத் தொடங்கிவிடாமல், ஃபீலர் கேஜை இரண்டு முனையிலும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள்.